சிக்கனத்துக்கு அறுபது பக்கம்

நெரிஸ்ஸாவின் பிரிண்டரில் கறுப்பு மை ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலாண்டுத் தேர்வு. அவளுடைய ஐந்தாம் வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். எழுத்தை நன்றாகச் சுருக்கினால் வினாத்தாளுக்கு மட்டும் அந்த மை காணும். அடுத்த புட்டி லெகாஸ்பி நகரத்திலிருந்து வர வேண்டும். திங்கட்கிழமைக்கு முன்னால் வராது என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான்.

பள்ளிக்கும் ஒரு பிரிண்டர் உண்டு. போன புயலில் கூரை ஒழுகி அது செத்துப்போனது. அதன்மேல் துணி போர்த்தி, பிளாஸ்டிக் பூவும் வைத்திருந்தார்கள். ஆசிரியைகள் அவரவர் சொந்த பிரிண்டரைச் சுமந்து வந்து வேலையை ஓட்டினார்கள். அதில் நெரிஸ்ஸா கைதேர்ந்தவள். மங்கலாக அச்சிடுவாள், பக்கத்துக்கு நான்காக இருபுறமும் அடக்குவாள், மற்றவர்கள் கசக்கி எறிந்த தாளை நீவி எடுத்து அதன் பின்பக்கத்தையும் விடமாட்டாள். அந்தப் பாவத்துக்குத்தான் தலைமையாசிரியை எர்லிண்டா அவளைக் காகிதச் சிக்கனத் திட்டத்துக்குப் பொறுப்பாளராக்கியிருந்தார்.

புதன்கிழமை மதியம் எர்லிண்டா கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு மேலாபீஸ்லேருந்து அல்வாரெஸ் சார் வர்றாரு. நம்ம சிக்கனத் திட்டத்துக்கு அறிக்கை வேணும். போட்டோவெல்லாம் பென் டிரைவ்ல இருக்கு. அறுபது பக்கம், மூணு செட்."

"அறுபதா மேடம்?"

"பின்னே? ஒரு பக்கத்துக்கு ஒரு போட்டோ, கலர்ல, பளிச்னு. பின்பக்கம் காலியா விட்டுடு, இல்லேன்னா மை ஊறித் தெரியும். ஆதாரம் காட்டலேன்னா நாம காகிதம் மிச்சம் பிடிச்சோம்னு யாரு நம்புவா?"

எர்லிண்டா சொன்னது வேடிக்கைக்கு, இப்போது சிரித்துவிடுவார் என்று நெரிஸ்ஸா பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. மேசையில் புத்தம்புதிய மைப் புட்டிகள் மூன்று இருந்தன. நீலம், சிவப்பு, மஞ்சள்.

"கறுப்பு இல்லையே மேடம்."

"உங்கிட்ட இருக்குன்னு மின்டா சொன்னாளே."

"அது பிள்ளைங்க பரீட்சைக்கு."

"கேள்வியை போர்டுல எழுதிப் போடு. நாங்கல்லாம் அப்படித்தான் படிச்சு வந்தோம். உன் வருஷ மதிப்பீட்டுல நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் வச்சுக்கோ."

போர்டில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. அதை எர்லிண்டா பார்த்ததில்லை. வகுப்புக்குள் வந்தால்தானே பார்க்க. வாசலில் மட்டும் கேட்டின் அகலத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் தொங்கியது. 'ஒரு தாளைக் காப்போம், ஒரு மரத்தைக் காப்போம்.' அதில் மரத்தைவிட எர்லிண்டாவின் முகம் பெரிதாக இருந்தது. நெரிஸ்ஸா வகுப்புக்குத் திரும்பி பென் டிரைவை மேசைமேல் விட்டெறிந்தாள்.

"அடிச்சுக் குடுத்துத் தொலைச்சிடுடி, உனக்கெதுக்கு வம்பு?" என்றாள் பக்கத்து வகுப்பு மின்டா.

"நீ வாயை மூடு. மை இருக்குன்னு போட்டுக் குடுத்தவளே நீதானே? என் பிள்ளைங்க பரீட்சை மையிலதான் அவ மூஞ்சி பளபளக்கணுமா?"

சுவரில் எர்லிண்டாவின் ஜூன் மாத உத்தரவு ஒட்டியிருந்தது. ஒவ்வோர் ஆசிரியைக்கும் கெட்டித் தாளில், கலரில், ஒருபுறம் மட்டும் அச்சிட்டுக் கொடுத்தது. 'இனி எந்த ஆவணமானாலும் ஒரே நிறத்தில், மங்கலாக, பக்கத்துக்கு நான்காக, இருபுறமும் அச்சிடப்பட வேண்டும்.' நெரிஸ்ஸா அதைக் கிழியாமல் உரித்தெடுத்தாள். கறுப்பைத் தொடவில்லை. அறுபது பக்கத்தையும் நீலத்தில், உத்தரவில் சொன்னபடியே அடித்தாள். செட்டுக்கு எட்டுத் தாள்தான் ஆனது.

மறுநாள் அல்வாரெஸ் பான்சிட் நூடுல்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு அறிக்கையை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன டீச்சர் இது, எறும்பு ஊர்ற மாதிரி? இதை மனுஷன் படிக்க முடியுமா?"

எர்லிண்டாவின் முகம் வெளிறியது. "நெரிஸ்ஸா! என்ன பண்ணி வச்சிருக்கே?"

"நீங்க போட்ட உத்தரவுதான் மேடம்." உரித்த தாளை மேசையில் வைத்தாள். "போன காலாண்டு வினாத்தாளையும் இப்படித்தான் சார் அடிச்சேன். இதே எழுத்து, இதே மங்கல். பத்து வயசுப் பிள்ளைங்க நாப்பத்தாறு பேர் படிச்சாங்க."

அல்வாரெஸ் உத்தரவைத் திருப்பி, வெறுமையான பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"படிச்சாங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

'படிச்சாங்க' என்று சொல்லத்தான் நெரிஸ்ஸா வாயைத் திறந்தாள். மூன்றாவது பெஞ்சுச் சிறுமி ஜோனலின், வினாத்தாளில் மூக்கு முட்டக் குனிந்து, "டீச்சர், இது மூணா எட்டா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "கண்ணைத் தொறந்து பாரு" என்று எரிந்து விழுந்தவள் இவள்தான். அந்தப் பிள்ளை நாற்பதுக்கு ஏழு வாங்கியது. அன்றைக்கு மிஞ்சிய மையைப் பார்த்து இவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

"உன் மதிப்பீட்டைப் பாத்துக்கறேன்" என்று, அல்வாரெஸ் கிளம்பிப் போனதும் எர்லிண்டா வராந்தாவில் பல்லைக் கடித்தார். "நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நெரிஸ்ஸா வகுப்புக்குப் போனாள். எர்லிண்டாமேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. தன்மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வினாத்தாளை முழு அளவில், அழுத்தமாக, ஆளுக்கொன்றாக அடித்தாள். முப்பதாவது தாளோடு கறுப்பு தீர்ந்தது. மிச்சம் பதினாறையும் எர்லிண்டா போட்டோவுக்குக் கொடுத்த நீலத்தில் அடித்தாள்.

பிறகு அலமாரியிலிருந்து ஜோனலினின் மதிப்பெண் அட்டையை எடுத்தாள். அதில் 'கவனம் போதாது' என்று அவள் கையாலேயே எழுதியிருந்தது. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: 'வினாத்தாள் படிக்கும்படி இல்லை. தவறு ஆசிரியையுடையது.' அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.