முதல் கரண்டி

மலைச்சரிவில் யாரும் நடாமல் தானாக வளர்ந்த காட்டுப் பழமரங்கள் அவை. பறித்த அன்றே பழத்தைக் கடித்தால் நாக்கை ஒட்டிப் பிடிக்கும், குரங்குகூடத் துப்பிவிடும். வைக்கோலில் பரப்பிப் போட்டு, தோல் கறுத்து, விவரம் தெரியாதவர் அழுகல் என்று குப்பையில் கொட்டும் நிலைக்கு வந்த பிறகுதான் அது தின்னத் தகுந்த பழம். சதையைக் காய்ச்சினால் ஜாம். தோலை ஊறவைத்துப் புளிக்கவிட்டால் ஊறுகாய்க்குக் காடி. மிஞ்சிய கூழைத் தட்டில் தடவிக் காயவைத்தால் பிள்ளைகள் நாள் முழுக்கச் சவைப்பார்கள். விதையைக்கூட விடாமல் வறுத்துப் பொடித்துக் காப்பியில் கலந்துவிடுவார்கள். அந்த வீட்டில் வீணாகப் போவது காம்பு ஒன்றுதான்.

அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு பெண்கள் அதைக் காய்ச்சினார்கள். மூத்தவரின் மனைவி பெரியவள், இளையவரின் மனைவி சின்னவள். ஒவ்வொரு மரத்துப் பழமும் ஒவ்வொரு விதம் என்பதால் சர்க்கரைக்கு அளவு கிடையாது; பெரியவளின் நாக்குதான் அளவு. சின்னவள் கிண்டுவாள், சர்க்கரை போடுவாள், சட்டி கழுவுவாள். கொதிக்கும் சட்டியின் முதல் கரண்டி மட்டும் அவள் வாய்க்குப் போனதே இல்லை. ஒருமுறை கேட்டதற்கு, "உனக்கென்னடி தெரியும்?" என்று பெரியவள் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருந்தாள்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போனபோது பெரியவளின் மணமும் ருசியும் கூடவே போய்விட்டன. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. துவர்ப்பு மட்டும் தெரிந்தது, நாக்கு இழுத்துக்கொள்வதை வைத்து. மற்றதற்கு நிறத்தைப் பார்த்து ஒப்பேற்றினாள். கரண்டி கைவிட்டுப் போனால் இந்த வீட்டில் தன்னை யார் மதிப்பார்கள் என்ற பயம் அவளுக்கு.

அன்று சின்னவள் மகளோடு போனில் பேசிக்கொண்டே கிண்டினாள். பெரியவள் கரண்டியை ஊதி நாக்கில் வைத்தாள். துவர்ப்பு துளியும் இல்லை.

"பதம் வந்தாச்சு. இறக்கு."

பாட்டில்களில் ஊற்றி முடித்தார்கள். கழுவும் முன் சட்டி ஓரத்தை வழித்து வாயில் வைத்த சின்னவள் அப்படியே நின்றாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சர்க்கரைப் பை பிரிக்காமல் கிடந்தது.

"அக்கா, நான் சர்க்கரையே போடலக்கா."

பெரியவள் கரண்டியில் ஒட்டியிருந்ததை மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தாள். சின்னவள் அவளையே பார்த்தாள்.

"காய்ச்சலுக்கு அப்புறமாவா?"

பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவளின் கணவர் வண்டிச் சாவியோடு உள்ளே வந்தார். மூடாத பாட்டிலில் விரலை விட்டு நக்கினார். முகம் அஷ்டகோணலாயிற்று.

"என்ன இது, சப்புன்னு இருக்கு? யாரு ருசி பாத்தது?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

"யாருமே பாக்கல மாமா," என்றாள் சின்னவள். "அக்கா வர்றதுக்குள்ள நான்தான் அவசரக்குடுக்கையாட்டம் ஊத்திட்டேன். கொஞ்சம் பொறுங்க, சரி பண்ணிடறோம்."

"நல்ல ஆளும்மா நீ!" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

இருவரும் பாட்டில்களைச் சட்டியில் கவிழ்த்தார்கள். பெரியவளுக்கு நன்றியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபமும் கொஞ்சம் இருந்தது. சர்க்கரை கரைந்து, குமிழி தடித்ததும், சின்னவள் வழக்கம்போலக் கரண்டியை அவளிடம் நீட்டினாள். பெரியவள் வாங்கி, ஊதி, அதைச் சின்னவள் வாய்க்கே கொண்டுபோனாள்.

சின்னவள் தயங்கித்தான் வாயைத் திறந்தாள். பிறகு அவள் கண் விரிந்தது.

"எப்படிடி இருக்கு?"

பதம் தெரிந்துகொள்ளப் பெரியவள் அதைக் கேட்கவில்லை. அந்த ருசியே அவளுக்கு மறந்துகொண்டு வந்தது.

சின்னவள் இன்னும் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கிண்டினாள். மறுபடி ஊதி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இப்பதான் நீங்க பதம் பாத்த மாதிரி இருக்குக்கா."