குப்புறக் கிடந்த அரசி

ரோமில் சேர்ந்து ஆண்ட இரண்டு பேரரசர்களில் அண்ணன்காரன் தம்பியைக் கொன்றான். அதோடு விட்டானா? ஊர் ஊராக வெண்கலக் காசுகளில் இருக்கும் தம்பி முகத்தையும் அடித்து அழிக்கச் சொன்னான். அழிக்காத காசை வைத்திருந்தால் தலை போகும். எங்கள் பெர்கே நகரில் அந்த வேலை வெண்கலம் அடிக்கும் கன்னாரான என் கணவர் த்ரோகொண்டாஸ் தலையில் விழுந்தது.

காசின் மறுபக்கம், நாங்கள் அரசி என்று கும்பிடும் தெய்வம் ஆர்தெமிஸ் இருக்கிறாள். கோயிலில் இருப்பது போலவே உடம்பெல்லாம் வெறும் கல், உச்சியில் மட்டும் ஒரு முகம். பிள்ளைகளைக் காப்பவள். என் மகள் அப்பியா காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தாள். அரசி காசு ஒன்றைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் கட்டியிருந்தேன்.

பட்டறைக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது, அடித்துப் போட்ட காசு ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அரசியின் முகம் சப்பையாகிக் கிடந்தது.

"அடப்பாவி மனுஷா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"இந்தப் பாவம் அவ கண்ணுல படக்கூடாதுன்னுதான் குப்புற வச்சு அடிச்சேன். ஒவ்வொரு அடிக்கும் மன்னிப்பு கேட்டேன்டி."

"மூஞ்சியை நசுக்கிட்டு மன்னிப்பா? அடியில ஒரு தோலையாவது போட்டிருக்கலாமில்ல? இனி எந்தக் கண்ணால நம்ம புள்ளையைப் பார்ப்பா?"

தோல் போடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அப்பியா என் மடியிலேயே போய்விட்டாள். யாரைச் சபிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

செத்தவர் வாயில் காசு இல்லாவிட்டால் மறுலோகத்து ஆற்றுத் தோணிக்காரன் அக்கரை சேர்க்க மாட்டான். என் கணவர் ஒரு காசை நீட்டினார். இரண்டு பக்கமும் மொட்டை.

"கண்ணில்லாதவளை நம்பி என் புள்ளையை எப்படி அனுப்புவேன்?" என்று தள்ளிவிட்டேன்.

மகள் கழுத்துக் கயிற்றை அறுத்தேன். முகம் அழியாத அரசி. மறுபக்கம் அந்தத் தம்பி, கன்னம் உப்பிய பையனாக இருந்தான்.

"ஐயோ, இதை அடிக்காம வச்சிருந்தியா? காசைச் சோதிக்கிற நகரசபை ஆளு வாசல்ல நிக்கிறான்டி. பார்த்தான்னா ரெண்டு பேரும் காலி."

"பார்க்கட்டும். இனிமே என்கிட்ட எடுக்க என்ன இருக்கு?"

அரசி மேலே பார்க்கும்படி காசை வைத்தேன். தம்பியின் முகம் என் மகளின் நாக்கில் படிந்தது. அவனையும் தாய் மடியில் வைத்துத்தான் வெட்டினார்களாம். அந்தத் தாய் அழக்கூடாது என்று உத்தரவாம்.

அப்பியாவின் வாயை மூடினேன். வாசலில் நிற்பவன் காதில் விழட்டும் என்று, அந்தத் தாய்க்கும் சேர்த்து அழுதேன்.