பொதுமக்கள் பார்வைக்கு ஒரு குறட்டை

அரசுப் பணத்தில் செய்த ஆராய்ச்சி எதுவானாலும், வெளியான ஓராண்டுக்குள் பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது விதி. அதனால் போன மாதம் என் கணவர் அருளப்பனின் குறட்டையை மாவட்ட நூலகத்தில் ஒப்படைத்தேன்.

குறட்டையைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. வெளியில் ஆள் தேடி அலையச் சோம்பல்பட்டு, பக்கத்தில் படுத்திருந்தவரையே எடுத்துக்கொண்டேன். அந்தச் சோம்பலை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. வேறு யாருடைய குறட்டையாகவோ இருந்திருந்தால் எனக்கென்ன போயிற்று?

ஒப்படைத்த நாளிலிருந்து அவர் சத்தமில்லாமல் தூங்குகிறார். கல்யாணமானதிலிருந்து அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே தூங்கிப் பழகியவள் நான். இப்போது அவருக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு விழித்துக் கிடக்கிறேன்.

பொறுக்க முடியாமல் நூலகத்துக்குப் போனேன். நாளிதழ் மேசையைத் தாண்டி வரிசை நீண்டிருந்தது. எல்லோரும் குறட்டைக்குத்தான் வந்திருந்தார்கள். நூலகர் மைமூன் பீவியிடம், ஆராய்ச்சி என்னுடையதுதான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"தெரியும் டாக்டர். ஆனா இது இப்ப எல்லாருக்கும் சொந்தம். வரிசையில வாங்க."

என் முறை வந்ததும் உட்கார்ந்து கேட்டேன். அவருடையதேதான். கண் சொக்கியது. பின்னால் கைக்குழந்தையோடு நின்றவள், "கொஞ்சம் சீக்கிரம்க்கா, பிள்ளை தூங்கணும்" என்றாள். எழுந்து இடம் கொடுத்தேன்.

கிளம்பும்போது மைமூன் பீவி கூப்பிட்டார். "பின்னிணைப்பு இன்னும் வரலையே? திங்கக்கிழமை ஆள் அனுப்புறேன், குடுத்துடுங்க."

பின்னிணைப்பில் இருந்தது அவருடைய சிரிப்பு. ஆராய்ச்சி நடந்த நாட்களில், காலையில் அவர் குறட்டையை அவருக்கே போட்டுக் காட்டுவேன்; விழுந்து விழுந்து சிரிப்பார். கட்டுரை மெலிந்து தெரிகிறதே என்று அதையும் சேர்த்து வைத்தேன். சேர்க்காமல் விட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, தெரிந்த கோமாளித்தனம் எல்லாம் செய்து அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்தையும் இன்னைக்கே செலவழிச்சுட்டா, நாளைக்கு அவங்களுக்கு என்னத்தக் குடுக்க?" என்றார்.

திங்கட்கிழமை நூலக ஊழியர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். அருளப்பன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து அமர்ந்து, சிரிக்கத் தொடங்கினார். பாதிச் சிரிப்பிலேயே டப்பா நிறைந்துவிட்டது. நான் உள்ளே போய், எங்கள் எவர்சில்வர் தூக்கைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினேன்.