பஸ்ஸும் பிள்ளையும் ஒன்றா?

ஒன்பது இருபதுக்கு ஆசிரியை போன் செய்தார். "பாப்பா இன்னிக்கு லீவா மேடம்?"

போனை எடுத்த அம்மா ஒரு புரோகிராமர். உங்கள் குழந்தை வந்தாச்சு என்று எட்டரைக்கே அவள் போனுக்குச் செய்தி வந்திருந்தது. அனுப்பியது பள்ளி பஸ்ஸுக்கான ஆப். எழுதியது அவளேதான்.

"நான்தானே பஸ் ஏத்தி விட்டேன்," என்றாள்.

"கிளாஸ்ல இல்லயே மேடம்."

போன வாரம் காட்டிய கெட்டிக்காரத்தனம் அப்போதுதான் உறைத்தது. ஆப்புக்குள் பஸ் ஒரு கிளாஸ், அதாவது புரோகிராமில் ஒரு தனி வகை; பிள்ளை இன்னொரு கிளாஸ். வந்ததைக் கண்டு செய்தி அனுப்ப பஸ்ஸுக்கு எழுதிய 'வந்தாச்சு' மெத்தடைப் பொதுவில் வைத்துப் பிள்ளைக்கும் அதையே கொடுத்திருந்தாள். ஒரு தடவை எழுதினால் போதும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வண்டி பள்ளி வாசலுக்குள் நுழைந்தால் பஸ் வந்தாச்சு, அதில் ஏறிய பிள்ளைகள் அத்தனையும் வந்தாச்சு. இறங்கினார்களா என்று கேட்க நாதியில்லை.

ஆபீஸில் ஆப்பைச் சோதித்துப் பார்க்கும் பெண் அன்றே கேட்டாள். "அக்கா, பஸ் வர்றதும் பிள்ளை வர்றதும் ஒண்ணா?"

"ரெண்டும் வர்றதுதானடி. அதையே ரெண்டு தரம் எழுதச் சொல்றியா?"

இப்போது அதே பெண் பக்கத்தில் வந்து ஆப்பைத் திறந்து காட்டினாள். திரையில் பஸ் பள்ளி ஷெட்டில் நின்றது, வந்து முக்கால் மணி நேரம். வெளியே வெயில் கொளுத்தியது. புரோகிராமருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், டிரைவரை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. பாழாய்ப்போன மூளை, போன வாரம் அதற்கு ஆபீஸே கை தட்டியது வேறு.

ஐந்தாவது தடவை எடுத்தார்.

"அண்ணே, வண்டிக்குள்ள பாருங்க. என் பொண்ணு."

அவர் ஓடுவது கேட்டது. சாவி. கதவு. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவள் செத்துப் பிழைத்தாள்.

"இருக்கு மேடம். கடைசி சீட்டுல தூங்கியிருக்கு. வேர்த்துக் கொட்டுது, தண்ணி குடுத்துட்டேன். குடிக்குது."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னை மன்னிச்சிருங்க மேடம். முன்னெல்லாம் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பாத்துட்டுதான் பூட்டுவேன். இப்ப ஸ்கிரீன்ல எல்லாரும் வந்தாச்சுன்னு வருது. கம்ப்யூட்டரே சொல்லுதேன்னு விட்டுட்டேன். என் வேலை போயிருமா மேடம்?"

"உங்க தப்பில்லண்ணே. அதை எழுதினது நான்தான்."



"சரி மேடம்," என்றார் டிரைவர். "நாளைலருந்து நான் நடந்தே பாத்துக்கறேன்."