மணியடிக்கச் சொன்னது யார்

புறாமாடத்துக்கு மேலே இருந்த அறையில் அர்னோ பிரபு சில வருடங்களாகத் தன்னைத்தானே ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தார். தன் பல்வலி, தன் சோம்பல், மதச்சண்டையின்போது தான் வைக்கோல் போரில் ஒளிந்தது, பூண்டு போட்ட வாத்துக்கறிமேல் தனக்குள்ள ஆசை, எதையும் விடவில்லை. எதைப் பற்றியும் தனக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது என்று கடைசியில் கண்டுபிடித்தார். அது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. போர்தோ நகரத்திலிருந்து வக்கீல்கள் குதிரையேறி வந்து அவருடைய அடக்கத்தைப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி கொஞ்சம் குறைந்தாலும் அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்காது என்பது மனைவி இசபோவுக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் திராட்சை சீக்கிரமே பழுத்துவிட்டது. பிரபு வாய் திறந்து சொல்லி, மாதா கோயில் மணி அடித்த பிறகுதான் ஊரில் யாரும் கொடியில் கத்தி வைக்கலாம். சொந்தக் கொடியானாலும் சரி, மீறினால் பறித்த பழமெல்லாம் பறிமுதல். மேற்கே கடல் பக்கம் மேகம் திரண்டிருந்தது. மழை இறங்கினால் பழம் வெடித்துக் கொடியிலேயே அழுகிவிடும். அப்புறம் விற்க ஒயின் இல்லாமல் குளிர்காலத்து ரொட்டிக்கு ஊர் எங்கே போகும்?

இசபோ அன்றும் ஒரு குலையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். அர்னோ ஒரு பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"இனிக்குதுதான். ஆனா இனிப்பு பழத்துல இருக்கா, என் நாக்குல இருக்கா? காய்ச்சல்ல கிடந்தப்போ எனக்குத் தேன்கூடக் கசந்துதே."

"இப்போ உங்களுக்குக் காய்ச்சல் இல்ல."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

இன்னொரு பழம், பிறகு இன்னொன்று என்று குலை முழுவதையும் அவர் சந்தேகப்பட்டே தின்று தீர்த்தார். காம்புதான் மிஞ்சியது. நாளைக்கு வேறொரு குலை கொண்டுவரச் சொன்னார்.

கீழே கங்காணி பெய்ரோ தொப்பியைப் பிசைந்தபடி நின்றான். பக்கத்து ஊரில் நேற்றே பறிக்கத் தொடங்கிவிட்டார்களாம். நம் ஐயாவுக்கு இன்னும் எத்தனை குலை வேண்டும் என்று ஊரில் சிரிக்கிறார்களாம்.

"மணியை அடி," என்றாள் இசபோ.

"ஐயா சொன்னாரான்னு கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்?"

"சொன்னார்னு சொல்லு."

பொய் இவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைத்ததில்லை. வீட்டில் சந்தேகத்தையெல்லாம் அவர் வைத்துக்கொண்டார், நிச்சயத்தையெல்லாம் அவள் சுமந்தாள். அதில் அவளுக்கு ஓர் இறுமாப்பும் உண்டு. மணிச்சத்தம் கேட்டதும் அது ஆட்டம் கண்டது. பழம் உண்மையிலேயே பழுத்துவிட்டதா? மேகம் கலைந்துபோனால்?

ஊர் கூடையோடு சரிவில் இறங்கியது. அர்னோ ஒற்றைக்கால் செருப்போடு படியிறங்கி வந்தார்.

"யார் அடிக்கச் சொன்னது?"

பெய்ரோ இசபோ பக்கம் திரும்பினான்.

"நீங்கதான்," என்றாள் இசபோ. "காலைல சூப் குடிக்கும்போது சொன்னீங்க. ஞாபகம் இல்லையா?"

தன் ஞாபகம் எந்தக் கோர்ட்டிலும் ஏறாத சாட்சி என்று அர்னோ எழுதியிருந்தார். வக்கீல்கள் அதைத்தான் மிகவும் புகழ்ந்திருந்தார்கள். இப்போது அதே சாட்சியை நம்பி, கங்காணி முன்னால், சொல்லவே இல்லை என்று எப்படிச் சாதிப்பது?

"சொன்னேனா?"

"ரொம்ப உறுதியாச் சொன்னீங்க."

"உறுதியா," என்று திருப்பிச் சொன்னார். முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு மனிதன் தனக்கே தெரியாமல் முடிவெடுத்து ஊரை நடத்துகிறான், இதைப் பற்றி இதுவரை யாருமே எழுதவில்லை என்று பெய்ரோவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு மேலே திரும்பினார். திரும்புமுன் இசபோவை ஒருமுறை பார்த்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

மேகம் மூன்று நாள் மிரட்டிக்கொண்டே நின்றது. கடைசிக் கூடை கொட்டகைக்குள் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இசபோ புதுச்சாற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படியேறினாள். பாதியில் நின்றாள். மணியடித்த அன்று காலை சூப் குடிக்கும்போது அவர் ஏதோ சொன்னார்தான். மேகத்தைப் பற்றியா, பழத்தைப் பற்றியா? அவள் காதில் வாங்கவில்லை. அவர் பேசுவதைக் காதில் வாங்கியே எவ்வளவோ காலமாகிவிட்டது.

அர்னோ சாற்றைக் குடித்து உதட்டைத் துடைத்தார்.

"நல்லாப் பழுத்திருக்கு. சரியான நேரத்துலதான் சொல்லியிருக்கேன், இல்ல?"

"இருக்கலாம்," என்றாள் இசபோ.