கூட்டுக்குள் ஒரு பொலிஸ்

அழகமுத்துக் கங்காணி முதல் மூன்று மாதத்தில் எடுத்த படங்களில் முக்கால்வாசி வெறும் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு குருவி இருந்ததுதான், அவர் பொத்தானை அமுக்குவதற்குக் கொஞ்சம் முன்புவரை. அவருடைய மனைவி சின்னம்மா அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இந்த நேரத்துக்கு அந்தக் கொப்பையே வெட்டிக்கிட்டு வந்திருந்தா அடுப்புக்காவது ஆகியிருக்கும்" என்றாள்.

கமரா அவள் தங்கை குவைத்திலிருந்து கொண்டுவந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு, வெள்ளி நிறம். பொத்தானை அமுக்கினால் ஒரு சின்ன ராகம் பாடிவிட்டு மூக்கை வெளியே நீட்டும். குடும்பப் படம் எடுக்கத்தான் தங்கை அதைக் கொடுத்தாள். அழகமுத்துவின் கைக்குப் போனபிறகு குடும்பத்தில் ஒருவரும் அதில் விழவில்லை. அட்டை விழுந்தது, மரவட்டை விழுந்தது, இறப்பர்ப் பால் வடியும் சிரட்டையின் விளிம்பில் உட்கார்ந்திருந்த தவளை நாலு கோணத்தில் விழுந்தது. ஓடாதவை எல்லாம் நன்றாக விழுந்தன. பறப்பவைதான் பிரச்சினை.

கேகாலை டவுனில் ஒரு ஸ்டூடியோக்காரர், கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, குருவி எடுப்பது என்றால் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வேண்டும், இந்தத் தீப்பெட்டியெல்லாம் பிறந்தநாள் கேக்குக்குத்தான் சரி என்று விளக்கினார். அழகமுத்து பணிவாகக் கேட்டுக்கொண்டு திரும்பினார். முழங்கை நீள லென்ஸ் இல்லாதவன் முழங்காலைப் பாவிக்க வேண்டியதுதான் என்று பஸ்ஸிலேயே முடிவாயிற்று. அன்று முதல் மத்தியானம் இறப்பர்ப் பால் நிறுத்து முடிந்ததும் அவர் மலையேறித் தவழ ஆரம்பித்தார். நாற்பத்தெட்டு வயதில், பத்துப் பதினைந்து பால்வெட்டுக்காரர்களை அதட்டி வேலை வாங்கும் ஒரு கங்காணி, புல்லுக்குள் வயிற்றால் ஊர்ந்து போவதைப் பார்த்துத் தோட்டமே சிரித்தது. அவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. வயிற்றால் போகும்போது உலகத்தில் எவ்வளவு சாமான் இருக்கிறது என்று அவர் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்.

2007 பங்குனியில், இறப்பர் மரமெல்லாம் இலை கொட்டி முடித்துச் செம்பு நிறத் தளிர் விட்டிருந்த நேரம், பதினாலாம் நம்பர் மலையில் ஒரு பட்டுப்போன மரத்தில் பொலிஸ் கூடு வைத்திருப்பதை அவர் கண்டார்.

கித்துல்கலைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் அந்தப் பறவைக்குப் பெயர் பொலிஸ். சிங்களத்தில் அது பொலொஸ் கொட்டோருவா. பொலொஸ் என்றால் பிஞ்சுப் பலாக்காய், கொட்டோருவா என்றால் குக்குறுவான். எவருடைய காதிலோ அது பொலிஸ் என்று விழுந்து, கொட்டோருவா வழியிலேயே உதிர்ந்து, கடைசியில் பொலிஸ் மட்டும் நிலைத்துவிட்டது. பொருந்தாத பெயர் என்றும் சொல்ல முடியாது. உடம்பு பச்சை என்றாலும் தலை காக்கி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குட்ரூ, குட்ரூ என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும்.

மரம் சரிவில் நின்றது. மேலே இருந்த மண்மேட்டில் படுத்தால் கூட்டின் பொந்து கண்ணுக்கு நேரே வரும். அழகமுத்து மூன்று நாள் படுத்தார். மூன்றாம் நாள், வாயில் ஒரு சிவப்புப் பழத்தோடு பொந்து வாசலில் தொற்றிக்கொண்டு நின்ற பறவை முழுசாக, மீசை முடிகூடத் தெரிய, விழுந்துவிட்டது. உள்ளே குஞ்சுகள் கத்தின. இனி ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு: முதல்முதலாக வெளியே எட்டிப் பார்க்கும் குஞ்சின் முகம். சத்தத்தைக் கேட்டால் இன்றோ நாளையோ என்றிருந்தது. எட்டிப் பார்த்தால் அதற்கு அடுத்தது பறப்பதுதான்.

அந்த மகிழ்ச்சியைச் சொல்ல ஆள் வேண்டுமே. பஸ் நிற்கும் இடத்தில் ஜுனைதீனின் தேத்தண்ணிக் கடைக்குப் போனார்.

"ஜுனைதீன் நானா, இன்னைக்குப் பொலிசப் புடிச்சிட்டேன்."

"தனியாவா, பொஞ்சாதியோடயா?" என்று ஜுனைதீன் பால் ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டும் மாறி மாறி வருதுக. ஒண்ணு உள்ள இருந்தா ஒண்ணு வெளிய காவல். பிள்ளைகதான் இன்னும் மொகம் காட்டல. நாளைக்கு வெளிய வரட்டும், ஒரே அமுக்கு."

"ஒளிஞ்சிருந்தா எடுத்தீங்க?"

"பின்ன. மேட்டு மேல படுத்துக்கிட்டு. நான் இருக்கிறதே அதுகளுக்குத் தெரியாது."

கடையின் மூலையில் விரிந்திருந்த பத்திரிகை ஒன்று மெதுவாகத் தாழ்ந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் தோட்டத் தலைவர் மூக்கையா. தொழிற்சங்கத்தில் தலைவர் என்பதோடு, போன வருடத்திலிருந்து அகில இலங்கை சமாதான நீதவானும் (ஜே.பி.) ஆவார். பட்டம் கிடைத்த நாள் முதல் வாசலில் பெயர்ப்பலகை, சட்டைப் பையில் ரப்பர் முத்திரை, பெருவிரலில் எப்போதும் கொஞ்சம் ஊதா மை. பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், மரணச் சங்க அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் எதுவானாலும் முத்திரை குத்தித்தான் அனுப்புவார். ஜுனைதீன் கடைக் கலண்டரில் தைப்பொங்கல் தேதியின் மேல்கூட ஒன்று குத்தியிருந்தது. அது யார் வேலை என்று யாரும் கேட்டதில்லை.

மூக்கையா தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இங்கே பெண் எடுத்தவர். அந்தக் குளிர்ப் பக்கத்தில் பொலிஸ் என்றால் காக்கிச்சட்டைப் பொலிஸ்தான். இங்கே வந்து இருபது வருடமாயிற்று. ஆனால் தலைவராக இருப்பவருக்கு மரத்தை அண்ணாந்து பார்க்க நேரம் ஏது. அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: நம்முடைய கங்காணி பொலிசையும் அவர் பெண்சாதியையும் ஒளிந்திருந்து படம் எடுத்திருக்கிறான், நாளைக்குப் பிள்ளைகளையும் ஒரே அமுக்கு. யுத்தம் நடந்து, பாலத்தடியில் சோதனைச்சாவடி போட்டிருந்த காலம். தமிழன் கையில் கமரா இருந்தால் மறுகையில் அடையாள அட்டை இருக்க வேண்டிய காலம். தோட்டத்துக்கு ஆபத்து வந்துவிட்டது. ஆபத்து வந்தால் தடுக்க ஒரு தலைவர் இருக்கிறார். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தார்.

அன்று மாலையே பொலிஸ் நிலையத்துக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது, தலைவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். மேடைத் தமிழில் ஒரு முழுப் பக்கம், கீழே மூன்று முத்திரை. அவருடைய சிங்களம் சந்தைக்குப் போதும், இந்த விஷயத்துக்குப் போதாது. அதனால் வாயால் சொன்னது இரண்டே சொல்: அழகமுத்து, கமரா. மீதியெல்லாம் கடிதத்தில் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு, பெரும் பாரம் இறங்கியவராக வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினார்.

நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே கொஸ்தாப்பல் லீவில் போயிருந்தார். மற்றவர்கள் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் புரியவில்லை என்றாலும் மூன்று முத்திரை புரிந்தது. மூன்று முத்திரை குத்திய கடிதம் சின்ன விஷயமாக இருக்க முடியாது. புத்தகத்தில் பதிந்தார்கள்.

மறுநாள் காலைப் பிரட்டில், ஆட்களுக்கு மலை பிரித்துக்கொடுக்கும் நேரத்தில், மோட்டார் சைக்கிளில் ஒரு பொலிஸ்காரர் வந்து நின்றார். அழகமுத்து கமராவோடு உடனே ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

கமராவை எடுக்க வீட்டுக்கு ஓடியவரைச் சின்னம்மா வாசலிலேயே மறித்தாள். "உள்ள இருக்கிறதையெல்லாம் அழிச்சிட்டுப் போங்க."

"அழிச்சா, என்னத்த அழிச்சேன்னு கேப்பாங்க. தவளையத்தான்னு சொன்னா நம்புவாங்களா?"

"சும்மா இருந்த மனுசன் கையில இதக் குடுத்தாளே, அவளச் சொல்லணும்."

அழகமுத்துவுக்கும் பயம் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், பயத்தில் பாதி வேறு பக்கம் போயிருந்தது. கமராவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து வா என்றால்? குஞ்சு ஒரு வாரம் காத்திருக்குமா? பதினாலாம் நம்பர் மலையைத் திரும்பிப் பார்த்தபடியே மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினார்.

சார்ஜன் பெரிய உடம்புக்காரர், பொறுமைசாலி. கடிதத்தை அழகமுத்துவின் முன்னால் தள்ளினார். "வாசிக்க ஆள் இல்லை. நீயே வாசித்துச் சிங்களத்தில் சொல்லு" என்றார் சிங்களத்தில்.

தன்மேல் எழுதிய கடிதத்தைத் தானே மொழிபெயர்க்கும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அழகமுத்து வாசித்தார். "கனம் பொறுப்பதிகாரி அவர்களுக்கு. எமது தோட்டத்து அழகமுத்து என்பார், பொலிசாரையும் அவர்தம் துணைவியாரையும் மறைந்திருந்து படம் பிடித்துள்ளமை என் மேலான கவனத்திற்கு வந்துள்ளது..." அந்த இடத்தில் நின்றுவிட்டார். ஜுனைதீன் கடையும், மூலையில் தாழ்ந்த பத்திரிகையும் அவருக்கு நினைவு வந்தன.

"மாத்தயா, எழுதினபடி சொல்லணுமா, நடந்தபடி சொல்லணுமா?"

"முதலில் எழுதினபடி."

சொன்னார். சார்ஜன் பேனாவை மேசையில் வைத்தார்.

"யாருடைய பெண்சாதி?"

"பொலிசோட பெண்சாதி, மாத்தயா."

"என் பெண்சாதி மாவனல்லையில் இருக்கிறாள். போன மாதத்திலிருந்து அங்கேதான்." சார்ஜனின் குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, அது அழகமுத்துவின் மேல்தானா என்று தெளிவாகவில்லை. "இப்போது நடந்தபடி சொல்லு."

அழகமுத்து கமராவை முடுக்கினார். அது தன் ராகத்தைப் பாடிற்று. பழத்தோடு நின்ற பறவையைத் திரையில் கொண்டுவந்து நீட்டினார். "இதுக்குத் தோட்டத்துல நாங்க பொலிஸ்னுதான் சொல்றது."

சார்ஜன் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "பொலொஸ் கொட்டோருவா" என்றார். பிறகு இன்னொரு முறை, மெதுவாக, "பொலொஸ்." வயிறு குலுங்க ஆரம்பித்தது. சத்தமே வரவில்லை, மேசைதான் ஆடியது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சார்ஜனுக்குப் படம் பிடித்துப்போயிற்று. முன்னூற்றுப் பன்னிரண்டு படத்தையும் பார்த்தார். "இதில் என்ன?" "பறந்திருச்சு மாத்தயா." "இதில்?" "அதுவும் பறந்திருச்சு." தவளைக்கு மட்டும் ஐந்து நிமிடம். மூன்று கோடு இருந்த பெட்டரி ஒரு கோட்டுக்கு இறங்குவதை அழகமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். பொலிசைப் பார்த்துப் போதும் என்று எப்படிச் சொல்வது?

அந்த நேரத்தில் மூக்கையா வந்து சேர்ந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. விஷயம் என்னவென்று சார்ஜன் சொல்ல, அழகமுத்து தமிழ்ப்படுத்த, தலைவரின் முகம் ஒரு கணம் தொங்கி, மறுகணம் நிமிர்ந்துவிட்டது.

"அதான் சொல்றேன். நான் முன்கூட்டியே கடிதம் குடுத்ததுனாலதான் விசயம் இவ்வளவு லேசா முடிஞ்சிச்சு, கங்காணி."

"ஆமாங்க தலைவரே. இல்லாட்டி ஆரம்பிச்சே இருக்காது."

ஆனால் புத்தகத்தில் ஏறியதைச் சும்மா அடிக்க முடியாது. இடத்தைப் பார்த்துத்தான் மூடவேண்டும் என்றார் சார்ஜன். அவர் தொப்பியை எடுத்த வேகத்தைப் பார்த்தால் சட்டத்தின் கட்டாயமாகத் தெரியவில்லை. ஜீப்பின் முன் ஆசனத்தில் மூக்கையா ஏறிக்கொண்டார்.

பதினாலாம் நம்பர் மலைக்கு ஜீப் போகாது. நடந்தார்கள். மேட்டுக்கு வந்ததும் அழகமுத்து வயிற்றால் படுத்தார். சார்ஜன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்து, பக்கத்தில் தாமும் படுத்தார். பொந்துக்குள்ளிருந்து கிச்சுக் கிச்சென்று சத்தம். இன்னும் போகவில்லை. அழகமுத்துவுக்கு மூச்சு வந்தது. கமராவில் பெட்டரிக் கோடு சிவப்பாகக் கண் சிமிட்டியது. ஒரு படம் எடுக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால்.

தலைவர் படுக்கவில்லை. படுத்தால் வேட்டி என்னாகும்? அவர் நேரே இறங்கிப்போய் மரத்தடியில் நின்றார். "கங்காணி, ஒண்ணு எடுங்க. பொலிசும் தோட்ட மக்களும் சமாதானமா இருக்காங்கன்னு பேப்பருக்குக் குடுப்போம். சார்ஜன் மாத்தயாவையும் கூப்புடுங்க."

சார்ஜன் எழும்புவதாக இல்லை. "அவரை மட்டும் எடு" என்று முணுமுணுத்தார்.

அழகமுத்து கமராவைத் தூக்கினார். சின்னத் திரையில் மூக்கையா ஜே.பி. கையைப் பின்னால் கட்டி, நெஞ்சை முன்னால் தள்ளி, சமாதானத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளி, பொந்து வாசலில், சிலிர்த்த தலையும் பெரிய அலகுமாக ஒரு முகம் முளைத்தது. உலகத்தை முதல்முதலாகப் பார்த்தது. பார்த்ததில் கீழே நின்றது ஒரு தலைவர் என்பது அதற்குத் தெரியாது.

இரண்டுக்கும் இடமில்லை. அழகமுத்து கமராவைக் கொஞ்சம் மேலே சரித்தார். தலைவர் திரையின் அடியில் இறங்கிப் போனார். முதலில் நெஞ்சு, பிறகு வாய், பிறகு கண், கடைசியில் எண்ணெய் வைத்து வாரிய முடியும். அமுக்கினார். படம் ஒரு நொடி திரையில் நின்றது: குஞ்சு, கூர்மையாக, அலகை அகலத் திறந்துகொண்டு. பிறகு கமரா மூக்கை உள்ளே இழுத்து அணைந்துபோயிற்று.

சார்ஜன் முகத்தைப் புல்லுக்குள் புதைத்திருந்தார். முதுகு மட்டும் ஆடியது.

"விழுந்துச்சா கங்காணி?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"நல்லா விழுந்துச்சுங்க தலைவரே. இந்த மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் விழுந்ததில்ல."

"மொகம் தெளிவா?"

"தெளிவுங்க. வாய்தான் கொஞ்சம் தொறந்திருக்குது."

"பேசிக்கிட்டிருந்தேன்ல, அதான்" என்றார் மூக்கையா. வேட்டியில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையைத் தட்டிவிட்டு, திருப்தியோடு மேட்டை நோக்கி ஏற ஆரம்பித்தார்.