சுவருக்குத் தையல் போட்டவர்

டெய்லருக்கு ஒரு வியாதி உண்டு. ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டு கிழிந்திருந்தால் தன் நிறுத்தம் வருவதற்குள் ஊசி நூலை எடுத்துத் தைத்துவிடுவார். யாரும் கேட்கவும் மாட்டார்கள், இவர் சொல்லவும் மாட்டார். "வடிதட்டை அவர் கண்ணுல படாமத்தான் வச்சிருக்கேன்" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொன்னது வேடிக்கைக்கு என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை கொசுவலையைக் கையில் எடுத்து வெகுநேரம் யோசித்துப் பார்த்த ஆள் அவர்.

இப்படிப்பட்டவருக்கு அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வீடு கட்டிக் கொடுத்தார். மச்சான் கொத்தனாராக ஆரம்பித்துக் கட்டடக் கான்ட்ராக்டரானவர். தங்கச்சி வீடு என்பதால் வெளிச்சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் தன் கையாலேயே வைத்தார். வீடு முடிந்த அன்று சுவரைத் தடவிப் பார்த்து அழுதேவிட்டார்.

மறுநாள் காலையில் டெய்லர் பல்துலக்கிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில், கலவையே வைக்காமல் ஒரு சந்து. விரலை விட்டார், போனது. நாலு எட்டு நடந்தால் இன்னொரு சந்து. அப்புறம் இன்னொன்று. வீட்டைச் சுற்றி இப்படியே வரிசையாக.

'அடக் கடவுளே, மச்சான் பூச மறந்துட்டாரே' என்று டெய்லரின் மனசு பதறிப்போனது.

கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். எப்படிக் கேட்பது? நேற்றுத்தான் அந்த மனுஷன் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். இன்றைக்குப் போய், 'மச்சான், உங்க சுவர்ல ஓட்டை' என்றால் நெஞ்சு வெடித்துவிடாதா? மனைவியிடமும் மூச்சுவிடவில்லை. அண்ணன் பெயர் கெட்டுவிடக் கூடாது. குடும்பத்தின் மானத்தைத் தானே காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்.

கடையில் வெட்டுத்துணிக்கா பஞ்சம்? மூட்டையாகக் கொண்டுவந்தார். மனைவி தூங்கும் மத்தியான வேளைகளில் துணியைத் திரித்து, அளவுக் குச்சியால் சந்துக்குள் இடித்து இடித்து ஏற்றினார். மேலே கலவையின் நிறத்திலேயே பசை வாங்கிப் பூசினார். வேலை அவ்வளவு சுத்தம். எது ஒரிஜினல் பூச்சு, எது இவர் பூசியது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க மச்சானைப் பார்க்கும்போதெல்லாம், பிள்ளையின் பென்சில் திருட்டை மறைத்த அப்பா மாதிரி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு மழை வந்தது. வந்ததா, விடாமல் பெய்தது. ஹாலில் தரைக்கு மேலே சுவர் கொஞ்சம் கறுத்தது. மறுநாள் அந்தக் கறுப்பு முழங்கால் உயரத்துக்கு ஏறியது. பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியது.

டெய்லர் என்ன செய்தார் தெரியுமா? 'நாம அடைச்சதாலதான் இதோட நிக்குது, இல்லேன்னா வீடே மிதந்திருக்கும்' என்று குடையைப் பிடித்துக்கொண்டு போய், எங்காவது லேசாகத் தண்ணீர் கசிகிற சந்து இருந்தால் அதையும் தேடிப் பிடித்து இன்னும் ரெண்டு கை துணியைத் திணித்துவிட்டு வந்தார். கறுப்பு இடுப்பு உயரத்துக்கு வந்தது.

மழை விட்ட அன்று மனைவிக்குப் பொறுக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஊருக்கெல்லாம் நல்லா கட்டுவே. தங்கச்சி வீடுன்னா மட்டும் இளக்காரமா உனக்கு?"

"நாளைக்கு வர்றேன்மா" என்றார் மச்சான். "ஆனா நாளைக்குன்னு பார்த்து, வீடு கட்டணும்னு கேட்ட ஒரு பேக்கரிக்காரரையும் கூட்டிட்டு வர்றதா சொல்லியிருக்கேன். மழை விட்ட மறுநாள் நீங்க கடைசியா கட்டின வீட்டைக் காட்டுங்க, அப்புறம் என் வீட்டைத் தர்றதா வேணாமான்னு சொல்றேன்னார். காட்ட எனக்கு வேற எந்த வீடு இருக்கு?"

கொஞ்ச காலமாகவே மச்சானுக்குக் கையில் வேலை இல்லை. இதுவும் போனால் இன்னொருவரிடம் கூலிக்குப் போக வேண்டியதுதான். கொத்துக் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று மச்சானின் மனைவி சொல்லியிருந்தாள். அதை நினைத்ததும் டெய்லருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வந்தார்கள். பேக்கரிக்காரர் நல்ல பருமன், வெள்ளை ஷூ, எதைப் பார்த்தாலும் ரொட்டி வெந்ததா என்று பார்ப்பது மாதிரி விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிற பழக்கம். வாசல் கதவைத் தட்டினார், ஜன்னலைத் தட்டினார், கடைசியில் ஹாலுக்குள் வந்து ஈரச் சுவரைத் தட்டினார். ஒரு பொருக்கு உதிர்ந்து ஷூவின் மேல் விழுந்தது.

"வேகலையே" என்றார்.

மச்சானின் முகம் செத்துப்போனது. ஆனாலும் நிமிர்ந்து நின்று சொன்னார். "இங்க ஈரம் வரவே கூடாது சார். செங்கல் தண்ணி குடிக்கும், அது அதோட குணம். எவ்வளவு நல்லா கட்டினாலும் பெருமழையில கொஞ்சம் வெளிச்சுவரைத் தாண்டி வந்தே தீரும். அதைத் தடுக்கவே முடியாது. அதனாலதான் வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை இடம் விட்டிருக்கேன். வந்த தண்ணி அந்த இடைவெளியில கீழ இறங்கும். அடியில ஒரு தகடு ஏந்திக்கும். தகட்டுல இருந்து வெளிய போறதுக்குன்னே சுத்திலும் வரிசையா சந்து விட்டிருக்கேன். தண்ணி வரும், போயிடும். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது."

டெய்லர் மனசுக்குள் தான் அடைத்த சந்துகளை எண்ணினார்.

மழைக்கோட்டும் தைக்கிற டெய்லருக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா? 'தையல் மூட்டுல கொஞ்சம் தண்ணி வரத்தான் செய்யும், வந்தது வெளிய போக வழி வேணும்' என்று வாடிக்கையாளர்களிடம் வருஷக்கணக்காகப் பாடம் எடுக்கிறவர் அவர். தன் வீட்டுச் சுவரும் ஒரு கோட்டுதான் என்பது அந்த மரமண்டைக்கு அதுவரை உறைக்கவில்லை.

"டீ சொல்லிட்டு வந்துடறேன்" என்று முனகிவிட்டு நழுவினார். சமையலறைப் பக்கமே போகவில்லை. குத்தூசியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் ஓடி, செடிகளுக்கு நடுவே சேற்றில் குப்புறப் படுத்தார். அவர்கள் வெளியே வருவதற்குள் நாலு சந்தையாவது திறந்துவிட வேண்டும். பசையைக் குத்தினார். வரவில்லை. சும்மா சொல்லக் கூடாது, வேலை அவ்வளவு உறுதி. ஒரு வழியாகப் பசை பெயர்ந்து துணி நுனி தெரிந்தது. பிடித்து இழுத்தார்.

பூப்போட்ட துணி வந்தது. இழுத்தார். கோடு போட்டது வந்தது. இன்னும் இழுத்தார். பச்சை, மஞ்சள், யாரோ ஒருவரின் பேன்ட் பாக்கெட், ஸ்கூல் யூனிபாரம் என்று முடியவே முடியாமல் வந்துகொண்டிருந்தது. கடைசித் துண்டு வெளியே வந்ததும் அதன் பின்னாலேயே, இத்தனை நாளாகக் காத்திருந்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு டெய்லரின் மூஞ்சியில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். எதிரே ரெண்டு வெள்ளை ஷூக்கள். அவை வெள்ளையாக இருந்த கடைசி நிமிஷம் அது.

பேக்கரிக்காரர் குனிந்து சொட்டச் சொட்ட ஒரு துணியைத் தூக்கிப் பார்த்தார். மச்சானும் டெய்லரின் மனைவியும் பின்னால் வந்து நின்றார்கள்.

"ஓஹோ" என்றார் பேக்கரிக்காரர். "சுவருக்குள்ள கந்தல் துணியைப் போட்டுக் கட்டுறதுதான் உங்க தொழிலா? பாவம், இவர் கண்டுபிடிச்சு எடுத்துட்டு இருக்கார்."

மச்சான் அந்தத் துணிக் குவியலையே பார்த்தார். தங்கச்சி முகத்தைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு எதுவும் தெரியாது சார்" என்றார் மெதுவாக. "நான் பார்க்காதப்போ என் ஆளுங்க யாராவது செஞ்சிருப்பாங்க போல. யார் செஞ்சிருந்தாலும் நான் கட்டின சுவர். பொறுப்பு என்னோடது. உங்க வீட்டை நீங்க வேற ஆள்கிட்டயே குடுத்துடுங்க."

டெய்லர் சேற்றில் படுத்திருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். பாவம் என்று வேறு சொல்லியாகிவிட்டது. யாரும் இவரைச் சந்தேகப்படவில்லை. மச்சானின் கையைப் பார்த்தார். அந்தக் கை சுவரின் மேல் இருந்தது, அன்றைக்குத் தடவிய அதே மாதிரி. டெய்லருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான்தான்" என்றார். "நான்தான் அடைச்சேன். எல்லாத்தையும். மச்சான் பூச மறந்துட்டார்னு நினைச்சுட்டேன்."

மனைவி திரும்பினாள். "என்னங்க சொல்றீங்க?"

"மத்தியானம் நீ தூங்குறப்போ."

பேக்கரிக்காரருக்கு ஆறவில்லை. "மறந்துட்டார்னு நினைச்சீங்களா? சுத்தி அத்தனை ஓட்டையோட ஒருத்தர் வீடு கட்டியிருக்கார்னு நினைச்சுக்கிட்டே, பொண்டாட்டியோட அதுக்குள்ள குடியிருந்தீங்களா?"

"எங்க மச்சான் கட்டின வீடு சார்" என்றார் டெய்லர். "ஓட்டை இருந்தா அடைச்சுக்கலாம். அதுக்காக வேற வீட்டுக்கா போக முடியும்?"

திறந்த சந்திலிருந்து தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. பேக்கரிக்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்து அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்தார், கையை நீட்டித் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார், பக்கத்துச் செங்கல்லைத் தட்டினார். எழுந்து மச்சானிடம் சொன்னார். "திங்கட்கிழமை வந்து என் இடத்தைப் பாருங்க. அந்தத் தகடு, சந்து எல்லாம் எனக்கும் வேணும். இவரை மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

ஷூ சளக் சளக்கென்று சத்தம் போட அவர் போய்விட்டார்.

மனைவி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று டெய்லர் எதிர்பார்த்தார். அந்தக் குடும்பத்தில் அதெல்லாம் பழக்கம் கிடையாது. அவள் உள்ளே போய் ஒரு கத்தியை எடுத்து வந்தாள். டெய்லர் பயந்து எழப் பார்த்தார். அவளோ சேற்றில் உட்கார்ந்து அடுத்த சந்தின் பசையைச் சுரண்ட ஆரம்பித்தாள். "நீ ஏன் நிக்கிற அண்ணா, அந்தப் பக்கத்துல இருந்து வா" என்றாள். மச்சானும் உட்கார்ந்தார்.

மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து துணி இழுத்தார்கள். வெகுநேரம் கழித்து, ஒரு நீளமான சட்டைக் கையைச் சுவரிலிருந்து உருவிக்கொண்டே மச்சான் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உங்க மனசு கஷ்டப்படும்னுதான் மச்சான்."

மச்சான் துணியைப் பிழிந்தார். ரெண்டு தடவை பிழிந்தார்.

"இனிமே கேட்டுடுங்க" என்றார். "நான் அழுதாலும் பரவாயில்ல."